மூன்று கண்ணும் குளிரும்

கோடையில் உங்களுக்குப் பிடித்தது எது? ஐஸ்கிரீம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்! (வாசகி, திருநெல்வேலி)

நுங்கு! சிவனுக்கு மூன்று கண். நுங்குக்கும் பெரும்பாலும் மூன்று கண். அவர் மூன்றாவதைத் திறந்தால் எரியும். இதில் எதைத் திறந்தாலும் குளிரும். கரண்டியெல்லாம் வேண்டாம். பெருவிரலை விட்டு நோண்டி உறிஞ்சுங்கள். முகத்தில் தெறிக்கும் அந்த நீருக்காகவே அக்னி நட்சத்திரத்தை மன்னித்துவிடுவேன். தின்ற பிறகு கூட்டை எறியாதீர்கள், அது பிள்ளைகளின் வண்டிச் சக்கரம்.

பனை நம் மாநில மரம். அதில் ஏறத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது, அது வருத்தம்.

அப்போ ஜிகர்தண்டா? (வாசகர், மதுரை)

ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் ஈரல்வரை இறங்கும்போது, ஒரு கிளாஸோடு எழுந்து போக யாரால் முடியும்?