அடுத்த ஏரிக்காரர்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, பவுண்டரி வாட்டர்ஸ் என்றொரு வனப்பகுதி இருக்கிறது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். பெரும்பாலானவற்றில் மோட்டார் கூடாது. கேனோ என்னும் ஒடுங்கிய தோணியில் துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். கோடையில் கூடாரமும் தூண்டிலுமாக இங்கே வந்து இறங்குகிறவர்களில் ஒரு வகையினர் உண்டு. மீன் எங்கே என்று கேட்டால் இவர் கை தண்ணீரைக் காட்டாது, காட்டைக் காட்டும். நல்ல மீனெல்லாம் அடுத்த ஏரியில் என்பது இவருடைய சித்தாந்தம். அந்த ஏரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் சித்தாந்தத்தில் மாற்றம் இருக்காது. லைசென்ஸ்படி இவர் மீன் பிடிப்பவர். செய்கிற காரியத்தை வைத்துப் பார்த்தால் தோணி சுமப்பவர். இவர் மீனிடம் தோற்பதற்குக் காரணம் மீன் அல்ல, இவருடைய பயணத் திட்டம்தான் என்பது என் கட்சி.

ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே தோணியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு நடக்கிற பாதைக்கு அங்கே போர்ட்டேஜ் என்று பெயர். அதை ராட் கணக்கில் அளப்பார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு தோணி நீளம். 320 ராட் ஒரு மைல். இக்காலத்துக் கெவ்லார் தோணி நாற்பது பவுண்டு சொச்சம்தான், ஆனால் மூட்டை அப்படியில்லை. தோணியோடு ஒரு நடை, மிச்சத்துக்காகத் திரும்பி ஒரு நடை, மிச்சத்தோடு மறுபடி ஒரு நடை. வரைபடத்தில் ஒரு மைல் என்றால் காலுக்கு மூன்று மைல். 18ஆம் நூற்றாண்டில் இதே வழிகளில் தோல் வியாபாரத்துக்குப் பொதி சுமந்த பிரெஞ்சுக் கனடியர்கள் ஆளுக்கு இரண்டு 90 பவுண்டுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குக் கூலி கிடைத்தது. இவரோ காசு கட்டி, முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்கி, அதே பாதையில் அதே கொசுவுக்குக் கழுத்தைக் கொடுக்கிறார். மூட்டையில் ஒரு டப்பா மட்டும் தனி மரியாதையோடு வருகிறது. அதில் இருப்பவை அட்டைகள். நம் மலைக்காடுகளில் உப்பைத் தடவி விரட்டுகிற ஜந்துவை அங்கே இரைக்கடையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வால்ஐ என்ற மீனுக்கு அது பிரியமான இரை. வெயில் படாமல் வைத்து, தண்ணீர் மாற்றி, தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்கிறார்.

வால்ஐ மீன்தான் இங்கே எல்லோரும் தேடி வருவது. 1965 முதல் மின்னசோட்டாவின் மாநில மீனும் அதுவே. பூனைக்கு இருப்பதுபோல் அதன் கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. மங்கலில் அது நன்றாகப் பார்க்கும், அதன் இரைக்குக் கண் தெரியாது. ஆகவே விடியலிலும் அந்தியிலும் ஆழமற்ற இடத்துக்கு வந்து மேயும். வெளிச்சமான பகலில் பெரும்பாலும் ஆழத்தில் கிடக்கும். இனி நம்மவருடைய நாளைப் பாருங்கள். விடியலில் கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருப்பார், அடுத்த ஏரிக்கு நேரமாகிவிட்டதே! காலை முழுக்கத் துடுப்பும் நடையும். உச்சிவெயிலில் புது ஏரி, ஆசையோடு முதல் வீச்சு, மீன் அடியில் உறக்கம். மாலையில் கூடாரம், விறகு, அடுப்பு. அங்கே கோடையில் சூரியன் மறையவே இரவு 9 மணி ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்குமே என்று கேட்கலாம். முடிந்திருக்கும்தான். ஆனால் அந்தி மீனுக்கு மட்டுமல்ல, கொசுவுக்கும் சாப்பாட்டு நேரம். ஒரு மைலை மூன்று தடவை நடந்த உடம்பு அப்போது வலைக்கதவின் ஜிப்பை இழுத்துவிட்டுக் குறட்டையில் இருக்கும். மீன் விழித்திருக்கும் நேரமெல்லாம் இவர் ஒன்று மூட்டை கட்டுகிறார், அல்லது தூங்குகிறார்.

ஆட்கள் அதிகம் போகாத ஏரியில் மீன் அதிகம் இருக்காதா என்பது இவர் தரப்பின் வலுவான கேள்வி. நியாயம் உண்டு. நுழைவாயிலில் உள்ள ஏரிகளில் தூண்டில்கள் அதிகம் விழுகின்றன. ஒதுக்குப்புற ஏரியின் மீன் அவ்வளவு உஷாராக இராது. ஆனால் பழம்பாறைமேல் தேங்கிய இந்தக் குளிர்ந்த நீரில் சத்துக் குறைவு, மீன் மெதுவாகத்தான் வளரும்; தூரத்து ஏரியில் இருப்பதும் அதே பாறை, அதே குளிர். தவிர, மக்கள் நடமாட்டம் குறைந்ததால் மீனின் சாப்பாட்டு நேரம் மாறிவிடுவதில்லை. மாநிலத்தின் இயற்கைவளத் துறை வலைபோட்டுக் கணக்கெடுத்து, எந்த ஏரியில் என்ன மீன் என்று வெளியிடுகிறது. இவர் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டுத்தான் வருகிறார். மதியம் ஒரு மணிக்கு அந்த மீனுக்குப் பசிக்குமா என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

மீன் ஒரு சாக்கு, அவருக்கு வேண்டியது காடும் தனிமையும் என்று சிலர் பரிந்து பேசுவார்கள். அப்படியானால் மூன்று தூண்டில் கோல்கள் எதற்கு? மீன் பொரிக்க எண்ணெயும் மக்காச்சோள மாவும் எதற்கு? மீன் கிடைக்கும் என்று மனதார நம்புகிறார். வயிறு மட்டும் நம்பவில்லை. அந்த வனத்தில் தகர டின்னுக்கும் கண்ணாடி பாட்டிலுக்கும் தடை, டின் மீன் கொண்டுவர வழியில்லை. ஆகவே பையின் அடியில், மாவுக்கும் எண்ணெய்க்கும் கீழே, மெல்லிய பொட்டலத்தில் சூரை மீன் இருக்கிறது. ஏரிகளின் நாட்டில் இவர் சாப்பிடுவது கடல் மீன்.

இவருடைய சித்தாந்தத்தைச் சோதிக்க ஒரே வழி, இவரை ஓரிடத்தில் கட்டிப்போடுவது. அதைக் காற்று செய்யும். பெரிய ஏரியில் அலை எழும்பிவிட்டால் தோணியை இறக்க முடியாது, முகாமிலேயே கிடக்க வேண்டியதுதான். அலை வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அன்றைக்குப் பகலிலும் வால்ஐ கரையோரம் வந்து மேயும். வேறு வேலையில்லாமல், கூடாரத்துக்கு முன்னால் உள்ள பாறையில் நின்று ஒரு அட்டையை வீசுவார். ஒன்று மாட்டும், இன்னொன்றும் மாட்டும், மாவுக்கும் எண்ணெய்க்கும் விமோசனம் கிடைக்கும். சாப்பிட்டுக் கை கழுவியதும் இவர் செய்யும் முதல் காரியம் வரைபடத்தை விரிப்பது. ஆள் வந்து போகிற இந்த ஏரியிலேயே இவ்வளவு மீன் என்றால், 200 ராட் தாண்டி இருக்கும் அதில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறார். காற்று அடங்கினால் விடியலிலேயே கிளம்பிவிட வேண்டும் என்று கூட்டாளியிடம் கண்டிப்பாகச் சொல்கிறார்.