பத்துக்குப் பத்து

கோப்புகளைச் சுருக்கித் தரும் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருள் தொகுப்பு லினக்ஸ் உலகமெங்கும் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் ஏறக்குறைய ஒரே ஆள், சம்பளம் பூஜ்யம். ஆனால், ஏன் இவ்வளவு தாமதம் என்று அவரை அதட்டுவதற்கு மட்டும் ஆள் பஞ்சமே இல்லை.

அந்த நேரம் பார்த்து ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒரு புண்ணியவான் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணிவாக, ஒழுங்காக உழைத்தார். கூலி கேட்காமல் இத்தனை சிரத்தையா என்று அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம். பொறுப்பு கைக்கு வந்ததும், 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பில் தொலைவிலுள்ள கணினிகளை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய ஒரு கள்ளவாசல் வைத்தார். விஷமத்தை ஒளித்த இடம் சோதனைக் கோப்புகள். சோதனைக் கோப்பை எவரும் சோதிப்பதில்லை என்ற லோக ஞானம் அவருக்கு இருந்தது.

மார்ச்சில் குட்டு உடைந்தது. உடைத்தது கோடிகளில் விலைபோகும் பாதுகாப்புக் கருவி எதுவும் அல்ல. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி இழுப்பதைப் பொறுக்காமல் தோண்டிப் பார்த்தார். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளைத் தாண்டி அந்தக் கள்ளவாசல் பெரிதாகப் பரவவில்லை.

பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் அதற்கு சிவிஇ-2024-3094 என்று எண் கொடுத்து, ஆபத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டார்கள். இலவச உழைப்பாளிகளுக்கு நிதி தர வேண்டும் என்று உலகமே ஒருமனதாக ஒப்புக்கொண்டது; ஒப்புக்கொண்ட கையோடு அடுத்த தொகுப்பை இலவசமாகத் தரவிறக்கியது.