தீக்குச்சி நமத்தலும் வடிவியல் தோன்றலும்: தூத்துக்குடிக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

தீக்குச்சிப் புதிரை ஆராயப் புகுவோர் பொதுவாகப் புதிரிலேயே தங்கிவிடுகிறார்கள், குச்சியை மறந்துவிடுகிறார்கள். எரிய வேண்டிய குச்சி எரிவதை விட்டுவிட்டுக் கணக்குப் போடத் தொடங்குவது எப்போது, எதனால்? இந்த அடிப்படைக் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம்.

ஆய்வுக் களம் தூத்துக்குடி மாவட்டம். இதைவிடத் தோதான களம் கிடைக்காது. மாவட்டத்தின் ஒரு கோடியில் கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று கரிசல் காடு. மழை வந்தால் விசேஷம். காய்ச்சல் வெயில்தான் வாடிக்கை. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த பிறகு, தீப்பெட்டி இந்த வறண்ட மண்ணில் வேர்பிடித்ததற்கு அந்த வெயில் ஒரு காரணம். மறுகோடியில் துறைமுகம், உப்பளம், உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டும் கடற்காற்று. கரிசலில் செய்த பெட்டி இந்தக் கரை வழியாகத்தான் கப்பலேறி ஆப்பிரிக்கா வரை போகிறது. கப்பலேறாமல் கரையிலேயே தங்கிவிடும் பெட்டிகளின் கதியே நம் ஆய்வுப் பொருள்.

கருதுகோள் இது: கோவில்பட்டியில் தீக்குச்சி நெருப்பு, தூத்துக்குடியில் அது வடிவியல்.

சான்று வருமாறு. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் உரசினால் தீ. ஆனால் ஐப்பசி மாதத்தில் கடற்கரைத் தெரு வீடொன்றின் அடுப்படி அலமாரியில் நாலு நாள் கிடந்த பெட்டியை எடுத்து உரசிப் பாருங்கள். பொறி வராது. மருந்து மெத்தென்று குழைந்து, பட்டையில் செம்பழுப்புச் சேறாக இழுவும். கையில் மொட்டைக் குச்சி மிஞ்சும். ஆச்சி அடுத்த குச்சியை எடுத்துத் தலைமுடியில் நாலு தேய்ப்புத் தேய்த்து மறுபடி உரசுவாள். அதுவும் சேறு. மூன்றாவதும் நமத்திருந்தால் பெட்டி பிள்ளைகள் பக்கம் வந்து விழும். புதிர் பிறக்கும் கணம் அதுவே என்க.

நமத்த குச்சி எல்லாம் ஒன்றல்ல. மெழுகுக் குச்சி உருண்டை. மின்விசிறிக் காற்றுக்கே ஓடிவிடும். மரக்குச்சிக்கு நாலு பட்டை உண்டு. வைத்த இடத்தில் கிடக்கும். ஆகவே புதிருக்கு மரக்குச்சியே தலையாயது. லைட்டர் இந்த ஆய்வுக்கு வெளியே நிற்கிறது: மலிவான லைட்டரால் தொழில் படுத்துவிட்டது என்று தீப்பெட்டிக்காரர்கள் முறையிட்டு, 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டரின் இறக்குமதிக்கு 2023-ல் தடை வந்தபோது, லைட்டரை வைத்து ஒரு முக்கோணம்கூடப் போட முடியாது என்ற வலுவான வாதத்தை யாரும் முன்வைத்ததாகத் தெரியவில்லை.

இனி, திணை வகுத்தல். மீன் புதிர் நெய்தல். ஆறு குச்சியில் ஒரே அளவான நான்கு முக்கோணம் கேட்கும் புதிர் குறிஞ்சி. விடை மேசையில் படுக்காமல் மலைபோல எழுந்து நிற்பதால். (மூன்று குச்சியைக் கீழே முக்கோணமாக வைத்து, மற்ற மூன்றையும் மூலைக்கொன்றாக நிறுத்தி மேலே கூட்ட வேண்டும். மூலைகளில் பிசைந்த கோதுமை மாவை உருட்டி வைத்தால் நிற்கும்.) விடை தெரிந்தும் சொல்லாமல் மற்றவரைக் காக்க வைப்பது முல்லை. எண் புதிர் சந்தேகமின்றி மருதம். ஊடல் இல்லாமல் அது முடிந்ததே இல்லை.

நெய்தலை முதலில் பார்ப்போம். உலகெங்கும் வழங்குவது எட்டுக் குச்சி மீன். மூன்று குச்சியை நகர்த்தி அதைத் திருப்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு குச்சி மீன் போதும்: நாலு குச்சியில் சாய்சதுர உடம்பு, அதன் ஒரு முனையில் கவட்டையாக இரண்டு குச்சி வால். இரண்டே குச்சியை நகர்த்தி மீனை எதிர்ப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும். விடை: முகத்தில் உள்ள இரண்டு குச்சிகளையும் எடுத்து, வாலின் திறந்த முனைகளை மூடிவிடுங்கள். பழைய வால் புது உடம்பாகும். பழைய உடம்பில் மிஞ்சிய இரண்டும் வாலாகும். கண்ணுக்கு ஒரு மிளகு வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் மீன் வாலால் பார்க்கும்.

இதில் இக்கரைக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, இது என்ன மீன்? சாய்சதுர உடம்பும் கவட்டை வாலும் இருப்பதால் வாவல் என்போர் ஒரு சாரார். இந்தப் பருமனுக்குக் காரல்தான் என்போர் மறுசாரார். குழம்புக்கா பொரிக்கவா என்று முடிவாகாமல் புதிருக்குள் நுழைய மறுக்கும் மாமாக்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். இரண்டாவது இன்னும் ஆழமானது. “மீன் திரும்பணும்னா குச்சிய எதுக்கு நகட்டணும்? நான் அந்தப் பக்கம் வந்து உக்காந்தா போதும்லா,” என்று எழுந்து போய் எதிரே உட்கார்ந்துகொள்ளும் பையன் எந்தக் கூட்டத்திலும் ஒருவன் இருப்பான். அவன் சொல்வது சரி. பூஜ்யம் குச்சியில் விடை கண்ட அவனை “ஏலே, கிறுக்கா” என்று அதட்டி உட்கார வைப்பது ஆய்வு அறத்துக்கு ஒவ்வாது.

மருதத்துக்கு வருவோம். மூலபாடம்: 6 + 4 = 4. ஒரே ஒரு குச்சியை நகர்த்திச் சரியாக்க வேண்டும். ‘ஒரே ஒரு’ என்ற அழுத்தத்தால், இரண்டாவது குச்சியை விரலால் இடித்துவிட்டு ‘காத்துல நகந்திட்டு’ என்றலும் குற்றம் என்பது பெறப்படும். ‘நகர்த்தி’ என்றதனால் எடுத்து வாயில் வைத்துக்கொள்ளல் விலக்கப்பட்டது. சமக் குறியின் குறுக்கே குச்சியைச் சாய்த்துச் ‘சமமில்லை’ என்பவன் புதிரைத் தீர்த்தவன் அல்லன், கூட்டத்தைக் கலைத்தவன்.

விடைகள்: ஆறின் நடுக்குச்சியை வலப்புற மேலே வைத்தால் 0 + 4 = 4. கூட்டலின் நெடுக்குக் குச்சியை உருவி ஆறில் சேர்த்தால் 8 − 4 = 4. இவ்விரண்டிலும் சண்டை இல்லை. மூன்றாவதாக ஒன்று உண்டு: ஆறின் இடப்புறக் கீழ்க்குச்சியை எடுத்து, விடையில் உள்ள நான்கின் தலையில் வைத்தால் 5 + 4 = 9. அந்த ஒன்பதுக்குக் கீழே வால் கிடையாது. இங்கேதான் உலகம் வாலுடையார், வாலிலார் என இரு மடங்களாகப் பிரிகிறது. கால்குலேட்டரில் ஒன்பதுக்கு வால் உண்டு என்று சித்தப்பா எடுத்துக் காட்டுவார். வேறொரு கால்குலேட்டரில் இல்லை என்று மச்சான் எடுத்துக் காட்டுவார். இரண்டும் உண்மை.

மச்சான் என்றதும் முத்துக்குளித்தல் நினைவுக்கு வரும். கடலுக்குள் இறங்குபவனின் கயிறு மேலே மைத்துனன் கையில்தான் இருக்க வேண்டும். தங்கையின் தாலி நினைவில் அவன் பிடி விடமாட்டான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். புதிர் விஷயத்தில் அதே மைத்துனன் விடையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டான். முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போட்டார்கள்; உள்ளே முத்து உண்டா, வெறும் சதையா என்பது வாங்கியவன் தலையெழுத்து. அவ்வளவு பெரிய புதிரைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுப் பழகிய ஊர் இது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்த வெற்றிடத்தைத் தீக்குச்சிப் புதிர் நிரப்பியது என்று நிறுவ முடியவில்லை. நிரப்பவில்லை என்றும் எவரும் நிறுவவில்லையாதலால், நிரப்பியதாகவே கொண்டு மேலே செல்கிறோம்.

ஒன்றை மட்டும் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். இதே வட்டாரத்துப் பிள்ளைகள் ஒரு காலத்தில் குச்சியைத் தொட்டது புதிருக்காக அல்ல. மருந்தில் முக்கும்போது தலைகள் ஒட்டிக்கொள்ளாதபடி ஒவ்வொரு குச்சியாகக் கட்டையில் அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. 1990-ல் வந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் பார்த்தவர்களுக்கு அந்த விரல்களின் வேகம் மறக்காது. அந்தத் தலைமுறையில் இன்று பாட்டியாகிவிட்ட ஒருத்திக்கு முன்னால் குச்சிகளைக் கொட்டிப் புதிர் போட்டால், விடை சொல்வதற்கு முன் அவள் கை தானாக அவற்றை வரிசைப்படுத்தியிருக்கும்.

புதிருக்கான செலவுக் கணக்கு சுருக்கமானது. பதினாலு வருஷம் ஒரு ரூபாயாக இருந்த பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. நமத்த பெட்டியானால் அதுவும் இல்லை.

எஞ்சியிருப்பது ஒரு நடைமுறைச் சிக்கல்: ஆட்டம் முடிந்ததும் குச்சிகளை எங்கே போடுவது? நல்ல பெட்டியில் திரும்பப் போட்டால், காலையில் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்க ஆச்சி எடுக்கும் முதல் குச்சி நிச்சயம் நமத்ததாகத்தான் இருக்கும். அதன்பின் அந்த வீட்டில் ஆய்வு நடக்காது. எனவே தனிப்பெட்டி வேண்டும். அதன் இருபக்கப் பட்டையையும் பெரியவர் ஒருவர் கிழித்துவிட வேண்டும். பட்டை இல்லாத இடத்தில் இந்தக் குச்சி லேசில் பற்றாது. பெட்டி மேல் ‘புதிர்’ என்று பேனாவால் பெரிதாக எழுதி, அடுப்படிக்கு எட்டாத அலமாரியில், சீட்டுக்கட்டுக்குப் பக்கத்தில் வைக்கவும்.