பல்லியல்: பழைய டிரையல்ஸ் வண்டிக்கு மாற்று ஸ்பிராக்கெட் பொருத்துதல் பற்றிய ஆராய்ச்சி

இவ்வாய்வு என் நுதலிற்றோ எனின், பழைய டிரையல்ஸ் மோட்டார் சைக்கிளுக்கு, அதற்கென்று செய்யப்படாத ஸ்பிராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பற்சக்கரத்தை, மாட்டுமாறு உணர்த்துதல் நுதலிற்று.

டிரையல்ஸ் வேகப் போட்டி அன்று. பாறை, ஓடை, சேறு இவற்றின்மேல் நடைவேகத்தில், கால் தரையில் படாமல் ஏற வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம். வண்டி நின்றுபோனால் ஐந்து. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை 1964இல் பிரிட்டனின் ஏரியல் வண்டியில் வென்ற சாமி மில்லர், அடுத்த ஆண்டே ஸ்பெயினின் புல்டாக்கோ ஷெர்ப்பாவில் ஏறி மறுபடியும் வென்றார். கனத்த நாலு ஸ்ட்ரோக் யுகம் முடிந்து இலேசான இரண்டு ஸ்ட்ரோக் யுகம் பிறந்தது அன்றுதான் என்பர் வரலாற்றாசிரியர். அதற்கு முன்னும் அங்கே இரண்டு ஸ்ட்ரோக் ஓடியதே என்பவர்கள் பிற்பகல் அமர்வுக்கு வரவும். புல்டாக்கோ 1983இல் ஒரேயடியாகக் கதவடைத்தது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன, பல் தேய்கிறது, ஆராய்ச்சியாளனுக்கும் பிழைப்பு நடக்கிறது.

முதலாவது, பல்லெண்ணிக்கை. உதாரணத்துக்கு முன்னால் 11, பின்னால் 44 என்றால் விகிதம் 4. நடைவேகத்துக்கு இந்த விகிதம் கூட வேண்டும். முன்னால் ஒரு பல் குறைத்தால் 4.4. பின்னால் நாலு பல் கூட்டினாலும் 4.36தான் கிடைக்கும். ஆகவே எல்லாரும் முன்பல்லிலேயே கைவைக்கிறார்கள். அதற்குத் தண்டனை உண்டு. பல் குறையக் குறையச் செயின் வட்டத்தை விட்டுப் பலகோணத்தில் ஓடும். பத்துப் பல்லில் ஒவ்வொரு பல் கடக்கும்போதும் செயினின் வேகம் ஏறக்குறைய 5 சதவீதம் ஏறி இறங்கும். இதைக் கணிதத்தார் நிறுவிவிட்டார்கள். ஓட்டுபவரின் இடுப்புக்கு முன்பே தெரியும்.

இரண்டாவது, பிட்ச், அதாவது செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம். 1880இல் ஹான்ஸ் ரெனால்ட் மான்செஸ்டரில் உருளைச் செயினுக்குக் காப்புரிமை பெற்ற நாள் முதலாக இதில் சமரசம் கிடையாது. 428 செயினுக்கு 12.7 மி.மீ., 520க்கு 15.875. ஒன்றின் பல்லில் மற்றது உட்காராது. ஆனால் 520க்கும் 530க்கும் பிட்ச் ஒன்று. உருளையும் ஒன்று, 10.16 மி.மீ. வேறுபாடு உள்ளகலத்தில் மட்டும்: 520க்கு 6.35, 530க்கு 9.525. எனவே சாலை வண்டியின் தடித்த 530 ஸ்பிராக்கெட்டை லேத்தில் ஏற்றிப் பல்லைச் சீவினால் 520 செயின் ஏறும். கடினப்படுத்திய பல்லில் சாதாரண டூல் வழுக்கும், கார்பைடு வேண்டும். சீவியபின் பல்லின் விளிம்பைச் சாய்த்து அராவாவிட்டால் செயின் பல்லில் இறங்காமல் மேலேறி நிற்கும்.

மூன்றாவது, நடுத்துளை. சிறிதாயின் கடைக, பெரிதாயின் வளையம் இடுக.

நான்காவது, போல்ட் துளை. இதுவே இந்நூலின் உயிர். பல கை மாறி வந்த ஒரு பின் ஸ்பிராக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். ஏட்டுச்சுவடியேதான். தொழிற்சாலை இட்ட துளைகள் மூலபாடம். அவற்றின் நடுநடுவே வேறொரு ஹப்புக்காக இட்டவை பழைய உரை. இரண்டுக்கும் ஒத்துவராமல் வட்ட அரத்தால் இழுத்து நீட்டிய முட்டைத் துளைகள் இடைச்செருகல். வெல்டு வைத்து அடைத்தவை சிதைந்த பகுதி, அங்கே புள்ளியிட்டுக்கொள்க.

நீள்துளைகள் மூலத்திலேயே இருந்தன என்பது ஒரு சாரார் கொள்கை (காண்க: தகர டப்பா, மூடியின் உட்புறம்). பின்னோர் செயல் என்பது மறுசாரார் கொள்கை (பட்டறைச் சுவர், சாக்பீஸ் எழுத்து, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு மழையில் கரைந்தது). துளைகள் ஒன்பது என்னும் மூன்றாம் கொள்கைக்கு ஆதாரம் ஒரு சிகரெட் அட்டையின் கிழிந்த பாதி (எண்ணெய்க் கறைக்குக் கிழக்கே, பென்சில்). அட்டையைத் தலைகீழாகப் பிடித்ததால் ஆறு ஒன்பதாயிற்று என்னும் மறுப்புக் கட்டுரை பொறாமையில் எழுந்தது (மேற்படி அட்டை, மறுபாதி, அச்சில்). மூன்று சாராரும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டியிருப்பதால் மூன்று கொள்கையும் நிலைபெற்றுவிட்டன. இவர்களுள் எவரும் ஸ்பிராக்கெட்டைக் கழற்றிப் பார்த்ததில்லை. அதற்கு நிதி ஒதுக்கப்படவில்லை.

கழற்றியவர் கண்டது வேறு. பெரும்பாலான ஹப்புகளில் ஸ்பிராக்கெட்டை மையத்தில் நிறுத்துவது நடுத்துளை போய் அமரும் விளிம்பு. போல்ட்டின் வேலை இறுக்குவது மட்டும். நடுத்துளையைத் தாராளமாகக் கடைந்துவிட்டு, முட்டைத் துளையில் போல்ட்டை முடுக்கிவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் செயின் விறைத்து நிற்கும். அரைச்சுற்றில் தொய்ந்து ஸ்விங்கார்மைத் தட்டும். விறைப்புக்கு ஏற்பத் தளர்த்தினால் தொய்வில் கழன்றுவிழும். தொய்வுக்கு ஏற்ப இறுக்கினால் விறைப்பில் கியர்பாக்ஸ் பேரிங் அழும்.

ஐந்தாவது, செயின் கோடு. முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேரில் நிற்க வேண்டும்; நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துக்கொள்க. விலகியிருந்தால் ஒரே கனமுள்ள முழு வளையம் வைக்க வேண்டும். போல்ட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி வாஷர் சொருகுவோரைப் பற்றி இந்நூல் பேசாது.

மாற்று ஸ்பிராக்கெட் மாட்டிய வண்டி அசலா என்ற கேள்வி எழும். பிரிட்டனில் 1965க்கு முந்தைய வண்டிகளுக்கென 'பிரீ-65' என்று தனி வகுப்பு உண்டு. அங்கே வந்து நிற்கும் வண்டிகள் சிலவற்றில் 1965க்கு முந்தையது பெட்ரோல் டாங்கியின் பெயர் மட்டும்தான் என்பர் பொல்லாதவர். அத்தகைய சான்றோர் பிறர் ஸ்பிராக்கெட்டின் அசல்தன்மையை ஆராயும்போது காட்டும் கண்டிப்பு நம் பதிப்பாசிரியர்களுக்கும் பரிச்சயமானதே.

எஞ்சியது ஒன்று: எண் பொறித்த முகம் வெளியே பார்க்க வேண்டுமா, உள்ளே பார்க்க வேண்டுமா? நடுப்பகுதி குழிந்த ஸ்பிராக்கெட்டைத் திருப்பி மாட்டினால் செயின் கோடு குழிவின் இரு மடங்கு நகரும். ஆகவே அங்கே கேள்விக்குப் பொருள் உண்டு, அளந்தால் விடையும் உண்டு. தட்டையான ஸ்பிராக்கெட்டில் எந்த முகம் எங்கே பார்த்தாலும் ஒன்றுதான். ஆய்வேடுகள் அனைத்தும் இரண்டாவதைப் பற்றியவை.