அக்கா மகளின் லாக் ஷீட்டும் மாமாவின் சிவப்புப் பேனாவும்

பேசுவோர் இருவர். சிவசங்கரன், சார் கருவூல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க அடுத்தவர் போட்ட பில்லில் தப்புக் கண்டுபிடித்தவர். பழக்கம் விடவில்லை; மளிகைக் கடைச் சீட்டைக்கூட இரண்டு முறை கூட்டிப் பார்ப்பார். யாழினி, அவருடைய அக்கா மகள். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் வருடம், மருத்துவ மனநலப் பிரிவு. கல்லூரி வழக்கில் ‘எம் அண்ட் பி’. கையில் களப்பணி லாக் ஷீட் ஃபைல், மனதில் சமூக மாற்றம். வந்திருப்பது பணம் கேட்க.

யாழினி: மாமா, அடுத்த மாசம் எங்களுக்கு பிளாக் பிளேஸ்மெண்ட். முப்பது நாள். வெளியூர்ல பெரிய மனநல ஆஸ்பத்திரி. ஐயாயிரம் கட்டணும். தங்குறது, சாப்பாடு தனி.

சிவசங்கரன்: யாரு யாருக்குக் கட்டணும்?

யாழினி: நான் ஆஸ்பத்திரிக்கு.

சிவசங்கரன்: ஏன், உனக்கு என்ன உடம்புக்கு?

யாழினி: எனக்கு ஒண்ணுமில்ல மாமா. நான் அங்க வேலை பார்க்கப் போறேன்.

சிவசங்கரன்: வேலை பார்க்கிறவ வேலை கொடுக்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்கணும். என் சர்வீஸ்ல இப்படி ஒரு கணக்குத் தலைப்பு இருந்ததே இல்ல.

யாழினி: சம்பளம் இல்ல, பயிற்சிக் கட்டணம்.

சிவசங்கரன்: காலேஜ் ரசீதுல ‘ஃபீல்டு வொர்க் ஃபீஸ்’னு ஒரு வரி பார்த்தேனே, அது?

யாழினி: அது காலேஜ் எங்களை அனுப்பி வைக்கிறதுக்கு. இது ஆஸ்பத்திரி எங்களைச் சேர்த்துக்கிறதுக்கு.

சிவசங்கரன்: வழியனுப்ப ஒரு பில், வரவேற்க ஒரு பில். சரி, வாரா வாரம் இங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போறியே, அதுக்கு எவ்வளவு தர்றாங்க?

யாழினி: வாரத்துல ரெண்டு நாள், பதினஞ்சு மணி நேரம். காசெல்லாம் கிடையாது. ஆனா டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் இல்லையே மாமா, அதுதான் எங்களுக்கு அரசாங்கம் தர்ற ஸ்டைபண்ட்.

சிவசங்கரன்: கூடப் படிக்கிற பையன்களுக்கு?

யாழினி: அவங்க டிக்கெட் எடுக்கணும்.

சிவசங்கரன்: அதே ஆஸ்பத்திரில ஹவுஸ் சர்ஜன்கள் இருக்காங்க. அவங்களும் பயிற்சிதான். மாசா மாசம் அவங்க ஸ்டைபண்ட் பில்லை நானே பாஸ் பண்ணியிருக்கேன். நீ மட்டும் என்ன தர்மகர்த்தாவா?

யாழினி: மாமா, இது சேவைத் தொழில். இதோட வரலாறு உங்களுக்குத் தெரியாது. 1905ல பாஸ்டன் நகரத்துல, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில ரிச்சர்ட் கேபட்னு ஒரு டாக்டர். மருந்து வாங்கிட்டுப் போறவங்க அதே நோயோட திரும்பத் திரும்ப வர்றாங்களே, அவங்க வீட்டுல என்னதான் நடக்குதுன்னு பார்க்க ஆள் வெச்சாரு. மருத்துவ சமூகப்பணி அங்கதான் ஆரம்பிச்சது. நம்ம ஊர்ல 1936ல பம்பாய்ல டாடா பேர்ல பள்ளிக்கூடம் வந்துச்சு. 1952ல மெட்ராஸ்ல மேரி கிளப்வாலா ஜாதவ் ஒண்ணு தொடங்கினாங்க.

சிவசங்கரன்: பாஸ்டன்ல வெச்ச ஆளுக்குச் சம்பளம் யாரு கொடுத்தது?

யாழினி: (குரல் இறங்கி) ஆஸ்பத்திரி கொடுக்கல. டாக்டரே கைக்காசைப் போட்டுக் கொடுத்தாரு. ஆஸ்பத்திரி முறைப்படி ஏத்துக்கிட்டது 1919லதான்.

சிவசங்கரன்: ஆக, பிறந்த அன்னைக்கே பட்ஜெட்ல இல்லாத தொழில். நம்ம ஊருக்கு வந்தப்ப கைக்காசு போடுற டாக்டரை மட்டும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டாங்க.

யாழினி: இப்ப அமெரிக்காவுல மட்டும் என்ன வாழுதாம்? எம்.எஸ்.டபிள்யூ. முடிக்க 900 மணி நேரம் களப்பணி. பெரும்பாலும் சும்மாதான். 2022ல மிச்சிகன் பல்கலைக்கழகப் பிள்ளைங்க, களப்பணிக்குக் காசு கொடுன்னு இயக்கமே நடத்தினாங்க. ஆஸ்திரேலியாவுல 2025 ஜூலையிலிருந்து சமூகப்பணி மாணவர்களுக்கு, வசதியைப் பார்த்து, களப்பணி வாரங்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்குது.

சிவசங்கரன்: நீங்க என்ன இயக்கம் நடத்துனீங்க?

யாழினி: அக்டோபர் 10, உலக மனநல நாளுக்கு ஊர்வலம் நடத்தினோம். பேனர் நாங்களே காசு போட்டு அடிச்சோம்.

சிவசங்கரன்: அந்த ஃபைலை இப்படிக் கொடு.

(இந்த இடத்தில் அவர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்தச் சத்தத்துக்கு ஒரு காலத்தில் தாலுகாவே பயந்தது.)

சிவசங்கரன்: ‘15.7.2025, செவ்வாய். 9 முதல் 10 வரை: ஓ.பி. வரிசையை ஒழுங்குபடுத்தினேன். 10 முதல் 11.30: நோயாளர் விவரங்களைக் கணினியில் ஏற்றினேன். 11.30 முதல் 12: ஜெராக்ஸ். கற்றுக்கொண்டவை: பொறுமை, குழு மனப்பான்மை.’ ஏம்மா, ஜெராக்ஸ் எடுக்கிறதுல என்ன குழு மனப்பான்மை?

யாழினி: மெஷின் பக்கத்துக் கட்டடத்துல இருக்கு. ரெண்டு பேராப் போவோம்.

சிவசங்கரன்: இதைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கிட்டது யாரு?

யாழினி: ஏஜென்சி சூப்பர்வைசர் மேடம். அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க மாமா, தங்கமான மனுஷி. மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அவங்க ஒருத்தர்தான் சமூகப்பணியாளர். இன்னைக்கு ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, நாளைக்கு இன்னொண்ணு. வேன் கிளம்பறப்ப ஜன்னல் வழியா ஷீட்டை நீட்டுவோம், போட்டுக் கொடுத்துடுவாங்க.

சிவசங்கரன்: காலேஜ்ல?

யாழினி: வெள்ளிக்கிழமை தோறும் ஐ.சி., அதாவது இன்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ் இருக்கு. தனித்தனியா உட்கார்ந்து எங்க கேஸைப் பத்திப் பேசணும். எங்க மேடத்துக்குப் பதினெட்டுப் பேர். அதனால ஐ.சி.யை ஜி.சி.யா, க்ரூப் கான்ஃபரன்ஸா மாத்தி, கூட்டமா வெச்சே பேசிடுவாங்க.

சிவசங்கரன்: என்ன பேசுவாங்க?

யாழினி: ‘எல்லாருக்கும் ஹவர்ஸ் வந்துடுச்சா’ன்னு கேப்பாங்க.

சிவசங்கரன்: வந்துடுச்சுன்னா?

யாழினி: காலேஜுக்கு கிரேடு போடுற நேக் குழு விசிட் வேலை இருக்கும், அதுக்குப் போயிடுவாங்க.

சிவசங்கரன்: சரி, இதெல்லாம் முடிச்சிட்டு அந்த வேன்ல போற வேலைக்கு நீ போகலாமா?

யாழினி: இல்ல மாமா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநல சமூகப்பணியாளர்னு சொல்லிக்க எம்.எஸ்.டபிள்யூ. போதாது. அதுக்கு மேல ரெண்டு வருஷம் எம்.பில். படிக்கணும். மேற்பார்வையோட மருத்துவமனைப் பயிற்சின்னு சட்டத்துலயே எழுதியிருக்கு.

சிவசங்கரன்: நல்ல சட்டம். படி.

யாழினி: எம்.பில். பட்டத்தையே யு.ஜி.சி. 2022ல எடுத்துட்டாங்களே.

சிவசங்கரன்: சட்டம் கேக்குற பட்டத்தையா?

யாழினி: ஆமா. அப்புறம் யாரோ ஞாபகப்படுத்தியிருப்பாங்க போல. 2024 ஜனவரியில, இந்தப் படிப்புக்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மட்டும் 2025–26 வரைக்கும் உயிர் கொடுத்தாங்க.

சிவசங்கரன்: ஒரு ஆபீஸ் ‘இந்தச் சான்றிதழ் இல்லாம உள்ள வராதே’ங்குது. அந்தச் சான்றிதழை நிறுத்துன்னு உத்தரவு போடுது இன்னொரு ஆபீஸ். ரெண்டும் டெல்லியிலதான். ஆட்டோ பிடிச்சுப் போய்ப் பேசியிருக்கலாம்.

யாழினி: கவுன்சலிங் படிக்கிற பொண்ணுங்க நிலைமை இதை விடத் தமாஷு. 2021ல துணை மருத்துவத் தொழில்களுக்கு ஒரு ஆணையச் சட்டம் வந்துச்சு. சமூகப்பணியாளர், ஆலோசகர் எல்லாரும் அதோட பட்டியல்ல இருக்காங்க. ஆனா எங்க தெருவுல வாஸ்து, ஜாதகம், கவுன்சலிங்னு ஒரே போர்டுல எழுதியிருக்கிறவரை யாரும் பட்டியல் பார்த்துட்டு வந்து கேட்டதில்ல.

சிவசங்கரன்: அவராவது ஒரே நாற்காலியில இருக்காரே. நீ மாசத்துக்கு ஒரு இடம். (பக்கத்தைப் புரட்டி) இது என்ன, ‘கேஸ் மூன்று’?

யாழினி: கேஸ் ஒர்க் அஞ்சு, க்ரூப் ஒர்க் ஒண்ணு முடிக்கணும். அதுல இது என் பெஸ்ட் கேஸ். செவ்வாய்க்கிழமை தோறும் மகனைக் கூட்டிட்டு வர்ற ஒரு அம்மா. பையனுக்கு முப்பத்தொரு வயசு, ஸ்கிட்சோஃப்ரினியா. முதல் நாள் நான் கேள்வி கேக்க வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்களே வரிசையாச் சொல்லிட்டாங்க: பேர், வயசு, எப்ப ஆரம்பிச்சது, குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா. ‘எப்படிம்மா’ன்னு கேட்டேன். ‘போன வருஷம் ஒரு தம்பி எழுதினான், அதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி போட்ட பொண்ணு, இதான வரிசை’ன்னாங்க.

சிவசங்கரன்: அந்தத் தம்பி எழுதினது எங்க?

யாழினி: அவன் காலேஜ் ஃபைல்ல. வைவா முடிஞ்சதும் அவன் வீட்டுப் பரண்ல இருக்கும்.

சிவசங்கரன்: ஆஸ்பத்திரியில காப்பி?

யாழினி: ரகசியம் காக்கணுமில்லையா மாமா.

சிவசங்கரன்: வைத்தியம் பாக்குற டாக்டருக்குத் தெரியாம ரகசியம் காத்து, பரண்ல எலிக்குச் சொல்லியிருக்கீங்க. மேல படி.

யாழினி: ‘குடும்பச் சூழல்: தந்தை அரசு ஜீப் டிரைவர், 1984இல் பணியில் சேர்ந்தவர், பணியிலிருக்கும்போதே இறந்துவிட்டார். தாய் குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார். பொருளாதார நிலை: நலிவு. தாயின் முக்கியக் கவலை: எனக்கப்புறம் இவனுக்குச் சோறு போட யார்? இதைச் சொல்லி அழுதார். நான் மௌனமாக உடனிருந்தேன்.’ அந்த மௌனம் ஒரு டெக்னிக் மாமா. காலேஜ் மேடம் அதுக்கு டிக் போட்டிருக்காங்க பாருங்க.

சிவசங்கரன்: டெக்னிக் சரி. அந்தம்மா கேட்டதுக்குப் பதில்?

யாழினி: பதில் சொல்லக் கூடாது. அறிவுரை சொல்றது கவுன்சலிங் ஆகாது. அவங்க விடையை அவங்களே கண்டுபிடிக்க நாம துணையா இருக்கணும்.

சிவசங்கரன்: (பேனாவைக் கீழே வைத்துவிட்டு) விடை அந்தம்மா மனசுக்குள்ள இல்ல பாப்பா. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978ல இருக்கு.

யாழினி: என்ன?

சிவசங்கரன்: குடும்ப ஓய்வூதியம் பையனுக்கு 25 வயசோட நின்னுடும். ஆனா மனநோயினால பிழைப்புக்குச் சம்பாதிக்க முடியாத பிள்ளைன்னா அந்த வயசு வரம்பு கிடையாது. தாய்க்கு அப்புறம் அவனுக்கு ஆயுசு முழுக்க வரும். காப்பாளர் வழியா வாங்கிக்கலாம். 2003 ஏப்ரலுக்கு முந்தி சேர்ந்தவங்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம். அந்த டிரைவர் 1984. தாய் இருக்கும்போதே பையன் பேரைப் பதிவு பண்ணி, மருத்துவச் சான்று வாங்கி வெச்சுட்டா பின்னால அலைச்சல் மிச்சம். தாய் போன பிறகு, அம்மா கூட்டிட்டு வந்தாத்தான் வெளிய வர்ற பையன் தானே வந்து மனு கொடுப்பானா?

யாழினி: இதை யாருமே எங்களுக்குச் சொல்லலையே மாமா.

சிவசங்கரன்: யாராவது இந்தப் பக்கத்தைப் படிச்சிருந்தா சொல்லியிருப்பாங்க. மேடத்தோட குறிப்பு என்னன்னு பாரு.

யாழினி: ‘நன்று. மார்ஜின் விட்டு எழுதவும்.’

சிவசங்கரன்: வருஷா வருஷம் ஒரு பிள்ளை வந்து அந்தம்மாவை அழ வெச்சு, அதை அழகா எழுதி மார்க் வாங்கியிருக்கு. 1984ன்னு உன் கைப்பட எழுதியிருக்கே. ‘இதை என்ன பண்ணப் போறே’ன்னு அரை மணி நேரம் உட்கார்ந்து கேக்க ஒரு ஆள் இல்ல. பதினஞ்சு மணி நேரத்துக்குக் கணக்கு இருக்கு, அந்த அரை மணி நேரத்துக்குக் கட்டமே இல்ல. சட்டத்துல மேற்பார்வைன்னு எழுதியிருக்குன்னியே, அது இதுதானே? என் ஆபீஸா இருந்தா இந்த பில்லை அப்பவே திருப்பி அனுப்பியிருப்பேன்.

யாழினி: அப்ப ஐயாயிரம்?

சிவசங்கரன்: தர்றேன். ஆனா கட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, ‘நான் எழுதுறதை வாரம் ஒரு தடவை என்கூட உட்கார்ந்து படிக்கப் போறது யாரு, அவங்க பேர் என்ன’ன்னு கேளு.

யாழினி: அப்படிக் கேட்டா சீட்டை வேற காலேஜுக்குக் கொடுத்துடுவாங்க மாமா. வெளியில வரிசை நிக்குது.

சிவசங்கரன்: வரிசையை ஒழுங்குபடுத்தத்தான் உனக்குப் பயிற்சி இருக்கே. அது கிடக்கட்டும். வர்ற செவ்வாய்க்கிழமை போய் அந்தம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லு.

யாழினி: முடியாது மாமா. போன வாரத்தோட என் போஸ்டிங் முடிஞ்சுது. ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன். இனிமே உள்ள போகணும்னா ஹெச்.ஓ.டி. லெட்டர் கொடுக்கணும், அதை ஆஸ்பத்திரி டீன் ஆபீஸ்ல வாங்கிக்கணும், அவங்க மனநலத் துறைக்கு அனுப்பணும்...

சிவசங்கரன்: ஓ.பி. சீட்டுப் போடுறதுக்கு லெட்டர் கேக்குறாங்களா?

யாழினி: இல்ல.

சிவசங்கரன்: காசு?

யாழினி: அதுவும் இல்ல.

சிவசங்கரன்: தலைவலின்னு சொல்லி ஒரு சீட்டுப் போடு. போய் அந்தம்மா பக்கத்துல உட்காரு.

யாழினி: அந்த நேரத்தை லாக் ஷீட்டுல ஏத்த முடியாதே மாமா.

சிவசங்கரன்: ஏத்தாதே. எழுதிக்கோ: ஓய்வூதியப் புத்தகம், அப்பாவோட இறப்புச் சான்று, பையனோட மருத்துவச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம். எல்லாத்துக்கும் ரெண்டு ஜெராக்ஸ். அதுல உனக்கு அனுபவம் உண்டு. கருவூலத்துல கேட்டா மனு எங்க கொடுக்கணும்னு சொல்லுவாங்க. பத்தே முக்காலுக்கு மேல போகச் சொல்லு, அதுக்கு முன்னாடி சீட்டுல ஆள் இருக்க மாட்டாங்க.