தெருவுக்கு ஒரு லாரி

எங்கள் வீட்டு ஹால் மூலையில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் துக்கம் விசாரிக்கிற குரலில், "இன்னும் வச்சிருக்கீங்களா?" என்பார்கள். அந்த மேசை ஒழிந்தால் அங்கே ஷோகேஸ் வைக்கலாம் என்பது சகதர்மிணியின் நெடுநாள் திட்டம். அக்கா மகனுக்கோ அது இருப்பதே குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு. "மாமா, என் போன்ல இருக்கிற பவர் உங்க பெட்டியில கிடையாது."

அவன் சொல்வது பொய்யில்லை. 2021-இல் ஆப்பிள் தன் ஐமேக் டெஸ்க்டாப்பில் வைத்த அதே எம்1 சிப்பைத்தான் ஐபேட் புரோவிலும் வைத்தது. ஆனால் மூளை மட்டும் இருந்தால் ஆச்சா? என் பெட்டியில் விசிறி உண்டு. ஊரைக் கூட்டுகிற சத்தம்தான், இருந்தாலும் சூட்டை வெளியே தள்ளிவிடும். பெரும்பாலான போன்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அதே பிள்ளை போன வாரம் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தான். போட்டோ 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள் இருக்க வேண்டும். ஓர் எழுத்தைத் தட்டினால் கீபோர்டு எழுந்து பாதித் திரையை விழுங்கியது. ஓ.டி.பி. பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், அப்பா பெயர் முதல் சாதிச் சான்றிதழ் எண் வரை போயே போச்சு. பிரவுசர் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதையும் டிக் அடித்துப் பார்த்தான். கண்ணைச் சுருக்கினான். கடைசியில், "மாமா, சிஸ்டத்தை ஆன் பண்ணுங்க."

ஓ.டி.பி. மட்டும் அவன் போனுக்கே வந்தது. அந்த மரியாதையை நான் பறிக்கவில்லை.

2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு மேடையில், பி.சி.க்கள் இனி லாரி மாதிரி, இருக்கும், ஆனால் சிலருக்குத்தான் தேவைப்படும் என்கிற பொருளில் பேசினார். நாமக்கல்காரர் யாராவது அரங்கில் இருந்திருந்தால் அங்கேயே சண்டைக்குப் போயிருப்பார். ஊருக்கு அரிசி எதில் வருகிறதாம்? ஐபோன் செயலிகளை உருவாக்கும் எக்ஸ்கோடே இன்றைக்கும் மேக்கில்தான் ஓடுகிறது, ஐபோனில் ஓடாது. கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிற டி.டி.பி. ஆப்பரேட்டரிடம் போனைக் கொடுத்து, "இதிலேயே முடிச்சிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், முகூர்த்தம் தள்ளிப்போகும்.

வீட்டுக்கு வீடு டெஸ்க்டாப் வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். பேச, பணம் அனுப்ப, ரீல்ஸ் பார்க்க போன் தாராளம். தெருவுக்கு ஒரு பெட்டி போதும். எங்கள் தெருவுக்கு என்னுடையது. வருகிறவர்கள் பென் டிரைவோடு வரவும். பிரிண்ட் வேண்டுமென்றால் பேப்பரும் உங்களுடையதே.