டாலருக்கும் சேதாரம்

தங்க நகை வாங்கிப் பழகிய தமிழர் எவருக்கும் செய்கூலி, சேதாரம் என்னும் இரண்டு சொற்களை விளக்க வேண்டியதில்லை. முன்னது நகையைச் செய்த கைக்குத் தரும் கூலி. பின்னது, செய்யும்போது தூளாகச் சிதறியதாகச் சொல்லப்படும் தங்கத்தின் விலை. சிதறிய அந்தத் தூளை வாங்கியவர் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. அது எங்கே போயிற்று என்று கேட்பதும் மரபன்று. வெளிநாட்டிலிருந்து இணையவழியே வந்துசேரும் பணத்தின் இயல்பை அறிய இவ்விரு சொற்களே போதும் என்பதும், நிறுவனங்களின் கட்டண விளக்கங்கள் பல பக்கங்களில் மூடிவைப்பதை நகைப்பட்டறைத் தமிழ் இரண்டே சொற்களில் திறந்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. பணத்தைக் கொண்டுசேர்ப்பதற்கென்று வெளிப்படையாகக் கேட்கப்படுவது செய்கூலி. டாலர் ரூபாயாக மாறும்போது, சந்தை விலைக்கும் வங்கி தரும் விலைக்கும் நடுவே சிதறிப்போவது சேதாரம். நாணய மாற்றுக் கட்டணம் எனப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதே.

ஆய்வுக்களமாகிய தேவதானப்பட்டி, தேனி மாவட்டத்துப் பெரியகுளம் வட்டத்தில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி. மாந்தோப்புகளும் மஞ்சளாறு அணையும் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலும் இதன் அடையாளங்கள். இம்மாவட்டத்தில் ஏற்றுமதியாளர் என்றவுடன் போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகர் நினைவுக்கு வருவாரேயன்றி, மாடி அறையில் கைலியுடன் அமர்ந்து, அமெரிக்காவில் உள்ள ஒரு பல் மருத்துவரின் இணையதளத்தைப் பழுதுபார்த்துக் கொடுப்பவர் நினைவுக்கு வரமாட்டார். ஆனால் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பார்வையில் இவரும் ஏற்றுமதியாளரே. இவருடைய சரக்கு மூட்டையில் அடங்குவதில்லை, எடைமேடையில் ஏறுவதில்லை என்பதே வேறுபாடு. இவர் யாரென்று பெயர் சுட்டுவது ஆய்வு நெறிக்குப் புறம்பானது. ஆயினும் இவருடைய பாஸ்புக், இக்கட்டுரை எழுதப்பட்ட மேசையின் இழுப்பறையிலேயே கிடக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

வங்கி இவரைப் பயனாளி என்று குறிக்கிறது. தமிழ்நாட்டில் இச்சொல் விலையில்லா ஆட்டையோ மிதிவண்டியையோ பெற்றுக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பவரைக் குறித்துப் பழகியது. வங்கித் துறையில் பொருள் சற்றே இடம் மாறுகிறது. இங்கே பெற்றுக்கொள்பவர்கள் வேறு பலர், கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்காக ஒட்டப்பட்ட புகைப்படம் மட்டும் பயனாளியுடையது.

செய்கூலி பிறக்கும் இடத்தை முதலில் காணலாம். 1973இல் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட ஸ்விஃப்ட் என்னும் அமைப்பின் வழியே பணம் வருவதாகப் பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அவ்வழியே பணம் ஒரு காசுகூட வருவதில்லை. வருவது செய்தி மட்டுமே. இந்திய வங்கியொன்று அமெரிக்க வங்கியில் டாலராகவே ஒரு கணக்கை வைத்திருக்கும். ‘எங்களுடையது’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லால் அதனை நாஸ்ட்ரோ கணக்கு என்பர். அந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டதாகச் செய்தி கிடைத்ததும், இங்குள்ள வங்கி ரூபாயைப் பயனாளியின் கணக்கில் எழுதுகிறது. அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேர்க் கணக்கு இல்லாதபோது இடையில் ஓரிரு வங்கிகள் நுழைந்து, தத்தம் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த வங்கிக்குத் தள்ளுகின்றன. 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வருவதைக் கண்ட மக்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. தலைமதகில் எவ்வளவு திறந்தார்கள் என்பது செய்தி, கடைமடையில் எவ்வளவு பாய்ந்தது என்பதே விளைச்சல். பயனாளி ஒரு கடைமடை விவசாயி. தண்ணீர் வராத விவசாயி சாலையில் அமர்ந்து மறியல் செய்யலாம். டாலர் குறைந்த பயனாளி எந்த ஊர்ச் சாலையில் அமர்வது என்பதற்கு விடை இல்லை.

இச்செய்கூலியை யார் தருவது என்பதற்கு ஸ்விஃப்ட் முறையில் மூன்று குறியீடுகள் உள்ளன. ‘பென்’ என்பது பெனிஃபிஷியரி என்பதன் சுருக்கம். அதாவது, எல்லாக் கட்டணமும் பயனாளியின் தலையில். ‘ஷா’ என்பது பங்கீடு. அனுப்பும் வங்கியின் கட்டணம் அனுப்புபவருக்கு, வழிநெடுகப் பிடிப்பவை பெறுபவருக்கு. மூன்றாவது குறியீட்டின்படி எல்லாவற்றையும் அனுப்புபவரே ஏற்கிறார். ஆங்கிலத்தில் ‘எங்களது’ என்று பொருள்படும் அக்குறியீட்டைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ‘அவர்’ என்று அமைந்து, தருபவர் அவரே என்ற பொருளையும் தந்துவிடுவது, எந்த இலக்கண ஆசிரியரும் திட்டமிடாத வசதி. மூங்கிலணையில் அம்மனுக்குத் தேங்காயை உடைக்காமலும் வாழைப்பழத்தை உரிக்காமலும் படைப்பது வழக்கம். ‘அவர்’ முறையில் புறப்படும் பணம் அத்தகைய முழுத் தேங்காய். எனினும், செய்த வேலைக்குக் கூலி கேட்கவே மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் ‘சௌகரியப்படும்போது அனுப்பினால் போதும்’ என்று எழுதும் இயல்புடைய பயனாளி, அனுப்பும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும் என்று பல் மருத்துவரிடம் எழுதுவது எளிதன்று. அவருடைய பல்லைப் பிடுங்குவதுகூட இதைவிட எளிது.

இனிச் சேதாரம். வங்கிகள் தங்களுக்குள் டாலரை வாங்கவும் விற்கவும் சொல்லும் விலைகளின் நடுப்புள்ளி, இடைநிலை விலை எனப்படும். கைப்பேசியில் தேடினால் தோன்றுவது ஏறத்தாழ இதுவே. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு வங்கி தரும் விலையோ, டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் எனப்படும் தந்தி மாற்றுக்கான வாங்கும் விலை என்னும் வேறொன்று. அது எப்போதும் நடுப்புள்ளிக்குக் கீழேயே நிற்கும். மாட்டுச் சந்தைத் தரகர்கள் துண்டுக்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுவது போல, இவ்விரு விலைகளின் இடைவெளியும் துண்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ரசீதில் அதற்கென ஒரு வரி கிடையாது. ‘கட்டணம் ஏதுமில்லை’ என்ற அறிவிப்பை, ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்ற நகைக்கடை விளம்பரத்தைப் படிக்கும் அதே புன்னகையுடன் படிக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

சேதாரத்துக்கும் வரி உண்டு. கண்ணுக்குத் தெரியாத சேவையின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்ற தத்துவச் சிக்கலைச் சரக்கு மற்றும் சேவை வரி விதிகளின் 32ஆம் விதி துணிச்சலாகத் தீர்த்துவைத்திருக்கிறது: மாற்றப்படும் தொகை 1 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதில் 1 சதவீதம், ஆனால் 250 ரூபாய்க்குக் குறையாமல், சேவையின் மதிப்பாகக் கொள்ளப்படும், அம்மதிப்பின்மேல் 18 சதவீத வரி. எனவே எவ்வளவு சிறிய தொகையானாலும் 45 ரூபாய் நிச்சயம்.

கணக்கின் வசதிக்காக இடைநிலை விலையை 90 ரூபாய் என்றும், பல் மருத்துவர் அனுப்பியது 500 டாலர் என்றும் கொள்வோமாயின், வரவேண்டியது 45,000 ரூபாய். இடை வங்கி 20 டாலர் பிடித்தால் 1,800 ரூபாய் போகிறது. மீந்த 480 டாலருக்கு நடுப்புள்ளியிலிருந்து 2 சதவீதம் குறைத்து 88.20 வீதம் கிடைப்பது 42,336 ரூபாய். இங்கே சேதாரம் 864. மாற்றத்தின் மீதான வரி 76, வரவு வைத்ததற்கு வரியுடன் 118, பணம் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது என்று சான்றளிக்க வரியுடன் 236 என்று வைத்துக்கொண்டால், கைக்கு எட்டுவது 41,906. சிதறியது 3,094 ரூபாய். ஏறத்தாழ 7 சதவீதம். இதே வழியில் 5,000 டாலர் வந்திருந்தால் இடை வங்கியின் 1,800 ரூபாய் பெரிதாகத் தோன்றாது. சேதாரம் மட்டும் 8,964ஆக வளர்ந்திருக்கும். சிறிய தொகையைத் தின்பது செய்கூலி, பெரிய தொகையைத் தின்பது சேதாரம் என்பதே இக்கணக்கின் சாரம். இச்சாரத்தை எட்டுவதற்குப் பயனாளி ஒரு ஞாயிற்றுக்கிழமையின் ஐந்து மணி நேரத்தைச் செலவிட்டார் என்பதும், அந்த ஐந்து மணி நேரத்துக்கு அவர் வழக்கமாக வாங்கும் கூலி சிதறிய தொகையைவிட அதிகம் என்பதும் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இழப்பைத் தவிர்க்க முயல்வோரைச் சில மரபினராகப் பிரிக்கலாம். முதலாவது, ரூபாய் மரபு. ‘ரூபாயாகவே அனுப்பிவிடுங்கள், மாற்றும் வேலையே இருக்காது’ என்று கேட்பவர் இவர். மாற்றம் அப்போதும் நடக்கிறது, பயனாளியின் கண்ணுக்கு எட்டாத அயல்நாட்டு வங்கியில், அவ்வங்கி வைத்த விலையில் நடக்கிறது என்பதே வேறுபாடு. கண்ணை மூடிக்கொண்டால் சேதாரம் மறையும், குறையாது.

இரண்டாவது, சேமிப்பு மரபு. நான்கு மாத வேலைக்கு ஒரே முறை பணம் பெற்றால் நான்கு இடங்களில் போகும் செய்கூலி ஓரிடத்தில் முடியும் என்னும் இம்மரபு கணக்கின்படி குற்றமற்றது. மளிகைக் கடைப் பாக்கியும் நான்கு மாதம் காத்திருக்குமா என்பதே இதன் ஒரே ஐயம்.

மூன்றாவது, காத்திருப்பு மரபு. அந்நியச் செலாவணி ஈட்டுவோருக்கென உள்ள ஈஈஎஃப்சி என்னும் கணக்கில் வருவாயை டாலராகவே வைத்து, விலை ஏறும்போது மாற்றலாம். ஆனால் அக்கணக்குக்கு வட்டி கிடையாது. ஒரு மாதத்தில் சேர்ந்ததை அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் ரூபாயாக்கியாக வேண்டும் என்பதும் விதி. மாம்பழத்தைப் பழுக்கவைத்து விற்கத் தெரிந்த ஊர்க்காரருக்கு இது புரியும். காய் முற்றக் காத்திருக்கலாம், அழுகக் காத்திருக்க முடியாது.

நான்காவது, பணப்பை மரபு. பேபால் போன்ற இணையப் பணப்பையில் டாலரை அப்படியே தேக்கி, டாலராகவே செலவிடும் வழி பிற நாட்டார் சிலருக்கு உண்டு. இந்தியாவில் 2011 மார்ச் முதல் அவ்வழி அடைபட்டது. ஒரு பரிமாற்றத்துக்கு 500 டாலர் என்று வரம்பு வைக்கப்பட்டு, வந்த பணத்தை 7 நாளுக்குள் வங்கிக்கு மாற்ற வேண்டும் என்றும் ஆயிற்று. வரம்பு பின்னர் 3,000 டாலர், 10,000 டாலர் என உயர்ந்தபோதும் பணப்பையில் தேக்கிவைக்கும் வசதி திரும்பவில்லை.

ஐந்தாவதாகிய உண்டியல் மரபு மிகப் பழமையானது. கோயில் உண்டியல் வேறு, இது வேறு; ஓரூரில் பணத்தைக் கட்டி, மற்றோரூரில் அதற்கு ஈடானதைப் பெற உதவும் ஓலையே வணிகர் வழக்கில் உண்டியல். பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் இது செழித்திருந்தது. இரு திசைகளிலும் பணத்தேவை இருக்குமானால் பணம் கடலைத் தாண்ட வேண்டியதே இல்லை, கணக்கு தாண்டினால் போதும் என்பதே இதன் நுட்பம். லண்டனில் வாழ்ந்த எஸ்டோனியர் இருவரில் ஒருவருக்கு யூரோவில் சம்பளம், மற்றவருக்கு யூரோவில் வீட்டுக்கடன். இவர் அவருடைய பவுண்டையும் அவர் இவருடைய யூரோவையும் இடைநிலை விலையில் மாற்றிக்கொண்டு பழகியதிலிருந்து, 2011இல் வைஸ் என்று இன்று அறியப்படும் நிறுவனம் எழுந்தது. செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளை இதைக் கேட்டிருந்தால், இதற்கா இத்தனை ஆரவாரம் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆயினும் உரிமம் பெறாத பழைய வழி இன்று ஹவாலா என்று பெயர் மாறி, 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி விதிமீறலாகிறது. எனவே அதன் நுட்பத்தை வியக்கலாமே தவிர, வழியைப் பின்பற்றலாகாது.

சட்டத்துக்குட்பட்ட நடைமுறை வழி இப்போது ஓரளவு அகன்றிருக்கிறது. எல்லை கடந்த பணப்பரிமாற்றத்தை ஒருங்கிணைக்கும் நிறுவனங்களுக்கென 2023 அக்டோபர் 31இல் ரிசர்வ் வங்கி தனி விதிகளை வகுத்தது. பொருள் அல்லது சேவை ஒன்றுக்கு 25 லட்சம் ரூபாய் வரை அவை பெற்றுத்தரலாம் என்று அவ்விதிகள் அனுமதித்தன. இவ்வகை நிறுவனங்களில் சில, அனுப்புபவரின் நாட்டிலேயே ஒரு கணக்கு எண்ணைத் தருவதால், பல் மருத்துவர் உள்ளூர்ப் பணம் அனுப்புவதைப் போல அனுப்பிவிடுகிறார். இடை வங்கி நுழைவதற்கு வாசல் இல்லை. எந்த வழியானாலும் ஒப்பிட வேண்டிய எண் ஒன்றே: கணக்கில் கடைசியாக விழுந்த ரூபாயை, அவர் அனுப்பிய டாலரால் வகுத்துக் கிடைப்பது. அதை இடைநிலை விலைக்குப் பக்கத்தில் எழுதிவிட்டால் துண்டு விலகி விரல்கள் தெரிந்துவிடும்.

நோக்கக் குறியீடு என்னும் மற்றொன்றும் கவனத்துக்குரியது. வரும் பணம் எதற்கானது என்பதை ரிசர்வ் வங்கியின் பட்டியலிலுள்ள எண்ணால் வங்கி பதிய வேண்டும். மென்பொருள் ஆலோசனைக்குப் பி0802, வெளிநாடுவாழ் இந்தியர் குடும்பச் செலவுக்கு அனுப்புவதற்குப் பி1301. ஒருமுறை கிளையொன்றில் முன்னதற்குப் பதில் பின்னது பதிவாகிவிட, முகமறியாத பல் மருத்துவர் தேவதானப்பட்டிக் குடும்பமொன்றைக் கடல் கடந்து தாங்கும் உறவினராகிப்போனார். அவரைச் சித்தப்பா எனக் கொள்வதா, மாமா எனக் கொள்வதா என்பதை வங்கி தெளிவுபடுத்தவில்லை. திருத்தம் கோரிய விண்ணப்பத்துக்கும் கட்டணம் இருந்தது.

எல்லை கடந்த சில்லறைப் பரிமாற்றத்தின் சராசரிச் செலவை 2027 முடிவுக்குள் 1 சதவீதத்துக்கு மேற்படாமல் கொண்டுவருவது ஜி20 நாடுகள் ஏற்ற இலக்கு. அதுவரை பயனாளி இடைநிலை விலையைப் பார்த்தபடியும், வகுத்தபடியும், 2 சதவீதம் எங்கே போனது என்று இரவு பதினொரு மணிக்குத் தாளில் கூட்டியபடியும் இருப்பார். அவ்வாறு போராடி மீட்ட ரூபாயுடன் அவர் தேனிக்குச் சென்று நகைக்கடையில் அமர, விற்பனையாளர் கணிப்பானைத் தட்டிச் ‘சேதாரம் பன்னிரண்டு பெர்சன்ட் சார்’ என்கிறார். பயனாளி மறுபேச்சின்றித் தலையசைத்துவிட்டு, காலண்டர் உண்டா என்று மட்டும் கேட்கிறார்.